தாய்மரத்தின் கொட்டையும் தாயைப் போலாத கன்றும்

விருத்தாசலம் என்றால் வெளியூர் மக்களுக்கு நினைவுக்கு வருபவை மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயிலும், பொம்மைகளையும் மின்சாரப் பியூஸ் கட்டைகளையும் சுட்டெடுக்கும் பீங்கான் சூளைகளுமே ஆகும். ஆயினும் இவ்வட்டாரத்தின் செம்மண் மேடுகளிலும் அவற்றை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேறொரு வேலையும் நடந்துவந்திருக்கிறது: எந்தச் செடியின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது, அதிலிருந்து முளைப்பது தாயைப் போலவே இருக்குமா, இராதென்றால் ஏன் இராது என்னும் கேள்விகளுக்கு விடை தேடும் வேலை அது. உழவர்கள் அனுபவத்தால் தொடங்கியதை ஆராய்ச்சி நிலையங்கள் கணக்காலும் கலப்பாலும் தொடர்ந்தன. இன்று தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் வழங்கும் பல ரகங்களின் பெயருக்கு முன்னால் இந்த ஊரைக் குறிக்கும் வி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகள் நிற்பது அந்த வேலையின் அடையாளமாகும்.

அந்த வேலைக்குப் பொருளாக அமைந்தவற்றுள் முதன்மையான பயிர்கள் இரண்டு. ஒன்று, தென்னார்க்காட்டு மக்கள் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்லும் நிலக்கடலை, மற்றொன்று முந்திரி. இரண்டும் தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்தவை. முந்திரியைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். வேறெதுவும் எளிதில் விளையாத வறண்ட மண்ணைப் பிடித்து நிறுத்தும் மரமாக அது காலப்போக்கில் கிழக்குக் கரையிலும் பரவியது. ஒரே கண்டத்தில் பிறந்து ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்து வளரும் இவ்விரு பயிர்களும் இனப்பெருக்கத்தில் முற்றிலும் எதிரானவை என்பதால், பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்னும் ஒரே விதி இங்கே இரண்டு வேறு முகங்களைக் காட்டியது. நிலக்கடலையில் அந்த விதி கண்ணுக்குத் தெரியாமல் இயங்கியது. முந்திரியில் அது ஒவ்வொரு தோப்பிலும் வெளிப்பட்டு உழவரின் கணக்கைக் குலைத்தது.

நிலக்கடலையின் கதை வணிகத்திலிருந்து தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்கும் சவுக்கார ஆலைகளுக்கும் பெருமளவில் ஏற்றுமதியானது. அந்த நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், ஆண்டுதோறும் அதே விதையைத் திரும்பத் திரும்ப விதைத்து வந்த நிலங்களில் நோயும் விளைச்சல் குறைவும் பரவ, சாகுபடிப் பரப்பு சரிந்தது. மொரீஷியஸ் தீவிலிருந்து வருவிக்கப்பட்ட விதையே அந்தச் சரிவிலிருந்து மீள வழிகாட்டியது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள பாலூரில் 1905ஆம் ஆண்டு அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதற்கு நிலக்கடலையின் இந்தத் தளர்ச்சி முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. புது விதை வந்ததும் விளைச்சல் நிமிர்ந்ததைக் கண்ட அக்கால அலுவலர்களுக்கு, விதைக்குள் ஏதோ ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்பது தெரிந்திருந்தது. கடத்தப்படுவது என்ன, எந்த ஒழுங்கில் கடத்தப்படுகிறது என்பதை விளக்கும் அறிவு ஐரோப்பாவிலேயே அப்போதுதான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டிருந்தது.

ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த புர்னோ நகரின் துறவி மடத்தில் கிரிகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளைக் கலப்பித்து எண்ணிப் பார்த்தார். முடிவுகளை 1865இல் வாசித்து 1866இல் அச்சிட்டார். அறிவியல் உலகம் அதைக் கவனிக்க 34 ஆண்டுகள் ஆயின. 1900இல் டி விரீஸ், கோரன்ஸ், ஷெர்மாக் ஆகிய மூவர் தனித்தனியே அதே முடிவுகளை வந்தடைந்தபோதுதான் மெண்டலின் கட்டுரை மறுபடியும் படிக்கப்பட்டது. ஒவ்வொரு பண்புக்கும் காரணமான கூறுகள் உயிரியில் இணையாக உள்ளன, அவ்விணையில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது, அந்த உயிரி தன் இனச்செல்லை உருவாக்கும்போது இணை பிரிந்து ஒவ்வொரு இனச்செல்லுக்கும் ஒன்று மட்டுமே செல்கிறது என்பது அவர் கண்ட முதல் ஒழுங்கு. இனச்செல் என்பது செடியில் மகரந்தத்துக்குள் உருவாகும் ஆண் செல்லையும் சூலுக்குள் உருவாகும் முட்டைச் செல்லையும் குறிக்கும். மெண்டல் கூறு என்று குறித்ததே பின்னாளில் மரபணு எனப்பட்டது. ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள் அல்லீல்கள் எனப்படுகின்றன. இணையில் இரண்டும் ஒரே வடிவமாக இருப்பின் அச்செடி அப்பண்பில் தூயது. வேறு வேறாக இருப்பின் அது கலப்புத் தன்மையுடையது, அங்கே ஓங்கு வடிவம் வெளியே தெரிய, ஒடுங்கு வடிவம் மறைந்து நிற்கிறது.

இரண்டாவது ஒழுங்கு இன்னும் நுட்பமானது. உருண்டையான மஞ்சள் விதை தரும் தூய செடியையும் சுருங்கிய பச்சை விதை தரும் தூய செடியையும் மெண்டல் கலந்தார். முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாகவும் மஞ்சளாகவும் இருந்தன. அவற்றிலிருந்து வளர்ந்த செடிகளைத் தம்முள்ளேயே கருவுற விட்டபோது கிடைத்த 556 விதைகளுள் 315 உருண்டை மஞ்சள், 101 சுருங்கிய மஞ்சள், 108 உருண்டைப் பச்சை, 32 சுருங்கிய பச்சை என்று பிரிந்தன. இது ஏறத்தாழ 9:3:3:1 என்னும் விகிதம். தாத்தா பாட்டியர் இருவரிடமும் காணப்படாத சுருங்கிய மஞ்சளும் உருண்டைப் பச்சையும் இங்கே தோன்றியதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும்: விதையின் வடிவத்துக்குரிய இணை பிரிவதும் நிறத்துக்குரிய இணை பிரிவதும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல, ஆதலால் கலப்புச் செடி நான்கு வகை இனச்செல்களைச் சம அளவில் உருவாக்குகிறது. அந்நான்கில் இரண்டு பழைய சேர்க்கைகள், இரண்டு புதியவை. தமிழகப் பாடநூல்கள் இதைச் சார்பின்றி ஒதுங்குதல் விதி என்கின்றன. மெண்டல் எண்ணியது விதைகளை என்றாலும் அவர் உய்த்தறிந்தது இனச்செல்களுக்குள் நடப்பதை என்பதும், அதுவும் இனச்செல்லின் உட்புறத்தை யாரும் தெளிவாகக் கண்டிராத காலத்தில் என்பதும் இந்த ஆய்வின் உண்மையான பெருமை.

அந்த உட்புறத்தைக் காட்டியவர்கள் நுண்ணோக்கியாளர்கள். 1902–03ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மாணவர் வால்டர் சட்டன் வெட்டுக்கிளியின் விந்தணு உருவாக்கத்தை ஆராய்ந்து, குரோமோசோம்கள் இணையிணையாக நின்று பிரிவது மெண்டலின் கூறுகள் பிரிவதோடு பொருந்துகிறது என்று எழுதினார்; ஜெர்மனியின் தியோடர் போவரியும் அதே கருத்தை நெருங்கினார். இனச்செல்லை உண்டாக்கும் இந்தப் பிரிவு குன்றல் பகுப்பு எனப்படுகிறது. தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று தேடி இணைந்து செல்லின் நடுவே வரிசையாக நிற்கும்போது, ஒரு இணையில் தாய்வழியானது எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பது அடுத்த இணையின் நிலையைக் கட்டுப்படுத்துவதில்லை. 1913இல் எலினர் கரோதர்ஸ் என்னும் ஆய்வாளர், இணையின் இரு உறுப்பினரும் வடிவில் வேறுபட்டுக் காணப்பட்ட வெட்டுக்கிளிகளைத் தேர்ந்து, அவை உண்மையிலேயே ஒன்றையொன்று சாராமல் இரு பக்கமும் போவதை நேரில் எண்ணிக் காட்டினார். இதன் விளைவைக் கணக்கிடுவது எளிது: பத்து இணை உள்ள உயிரி 1024 வகைச் சேர்க்கைகளையும், இருபது இணை உள்ள உயிரி 10,48,576 வகைச் சேர்க்கைகளையும் தன் இனச்செல்களில் உருவாக்க வல்லது. இணைந்து நிற்கும் குரோமோசோம்கள் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கைக்கு நடைமுறையில் எல்லையே இல்லை. மாறாக, ஒரே குரோமோசோமில் நெருங்கி அமைந்த மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கின்றன. இது பிணைப்பு எனப்படும், மெண்டலின் இரண்டாம் ஒழுங்குக்கு இதுவே முக்கிய விலக்கு.

இந்த அறிவு தமிழகத்துக்கு வந்த வழி கோயம்புத்தூர். அங்கே 1912இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சியில் எஃப்.ஆர். பார்னெல், ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியோர் சேர்ந்து நெல்லின் பண்புகள் மரபாக இறங்குவதைப் பற்றி 1917இல் வெளியிட்ட ஆய்வு, மெண்டலின் முறை இந்நாட்டுப் பயிரொன்றில் விரிவாகக் கையாளப்பட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. எண்ணெய் வித்துப் பிரிவில் அவ்வாறே ஜே.எஸ். படேல், சி.எம். ஜான், சி.ஆர். சேஷாத்ரி ஆகிய மூவர் நிலக்கடலையின் பண்புகள் இறங்கும் முறையை ஆராய்ந்து 1936இல் இந்திய அறிவியல் அகாதமி இதழில் எழுதினர். தரையில் படரும் கொடிக்கடலைக்கும் நிமிர்ந்து நிற்கும் கொத்துக்கடலைக்கும் இடையிலான வேறுபாடு, பருப்புத் தோலின் நிறம் முதலியவை உழவருக்கு நெடுங்காலமாகத் தெரிந்த அடையாளங்கள். அவற்றைக் கலந்து பிறந்த செடிகளை எண்ணி விகிதம் காண்பதே இவ்வகை ஆய்வின் வழி. இன்றைய பயிர் இனவிருத்தி வரலாறுகளில் இந்தக் கோயம்புத்தூர் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் இடம் அவர்கள் செய்த பணிக்கு ஈடானது அல்ல. கரும்பு இனவிருத்தியாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் அறியப்பட்ட அளவுக்கு நிலக்கடலையின் இம்மூவர் அறியப்படவில்லை.

நிலக்கடலை ஆய்வாளர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. மெண்டலின் 3:1 விகிதம் சில கலப்புகளில் சரியாகவே வந்தது. வேறு சிலவற்றில் 15:1 வந்தது. பதினாறில் ஒரு செடி மட்டுமே ஒடுங்கு பண்பைக் காட்டுகிறது என்றால், அப்பண்பை மறைக்கும் ஓங்கு வடிவம் ஒரே வேலைக்குரிய இரண்டு தனி மரபணுக்களில் எங்கு இருந்தாலும் போதும் என்று பொருள். இரண்டிலும் ஒடுங்கு வடிவம் மட்டுமே அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றை நான்கில் ஒன்றால் பெருக்கக் கிடைக்கும் பதினாறில் ஒன்று. நிலக்கடலையின் செல்லில் 40 குரோமோசோம்கள் இருப்பது 1930களில் தெளிவானபோது இப்புதிரின் காரணமும் துலங்கத் தொடங்கியது. அதன் காட்டு உறவுகள் பலவற்றில் 20 மட்டுமே உண்டு. இன்றைய நிலக்கடலை இரண்டு காட்டினங்கள் ஒன்றாகக் கலந்து, குரோமோசோம் தொகுதி இரட்டித்து உண்டான நான்மடியம், அதனால்தான் ஒரே வேலைக்கு அதில் பெரும்பாலும் இரு மரபணுக்கள் இருக்கின்றன. 2016இல் அந்தக் காட்டினங்கள் இரண்டின் முழு மரபணுத் தொகுதியும் படித்தறியப்பட்டு, இந்தப் பிறப்பு வரலாறு உறுதியாயிற்று.

இவ்வளவு இனச்செல் வகைகளை உருவாக்க வல்ல செடி, உழவரின் கைவிதையில் ஆண்டாண்டாக ஒரே மாதிரி விளைந்தது எப்படி என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். நிலக்கடலைப் பூ விரியும் முன்னரே, மடல்களுக்குள் மூடிய நிலையில் தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் கருவுற்று விடுகிறது. பிறகு விழுது இறங்கி மண்ணுக்குள் காய் பிடிக்கிறது. கலப்புத் தன்மையுள்ள ஒரு மரபணு இணை தன்மகரந்தச் சேர்க்கையில் தலைமுறைதோறும் பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு செடிகள் கலப்புநிலையில் இருந்தால், நான்காவதில் 12.5, ஆறாவதில் 3.1 விழுக்காடு மட்டுமே அந்நிலையில் நிற்கும். நூற்றாண்டுகளாகத் தன்னுள்ளேயே கருவுற்ற பயிரில் ஏறத்தாழ எல்லா இணைகளும் ஒத்த வடிவங்களாகிவிட்டன. அங்கேயும் குரோமோசோம்கள் முன்போலவே சார்பின்றி ஒதுங்குகின்றன. ஒதுங்கும் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் எந்த வரிசையில் ஒதுங்கினாலும் விளையும் இனச்செல் ஒன்றுதான். கைவிதையை நம்பிய தென்னார்க்காட்டு மல்லாட்டைச் சாகுபடி இந்தத் தூய்மையின் மீது நின்றது.

அதே காரணத்தால், தேர்வு மட்டுமே செய்பவர் ஏற்கெனவே உள்ள வகைகளைப் பிரித்தெடுக்கலாமே தவிர, இல்லாத சேர்க்கை ஒன்றைப் பெற முடியாது. 1940இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்து, பல பத்தாண்டுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் விரும்பிப் பயிரிடப்பட்ட டி.எம்.வி. 2 ரகம், குடியாத்தம் கொத்து என்னும் வட்டார வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கலப்பு எதுவும் அதில் இல்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1980களில் அடுத்த படியை எடுத்தது. மகாராஷ்டிரத்தின் ஜல்கானில் உருவான ஜே.எல். 24 ரகத்தையும் கோயம்புத்தூரின் கோ 2 ரகத்தையும் கலந்து பெற்றதே விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. 2 நிலக்கடலை. இத்தகைய கலப்புக்கு மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கி, மறுநாள் அதிகாலையில் மற்ற ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் இட வேண்டும். ஒரு பூவுக்கு ஒன்றிரண்டு பருப்பே கிடைக்கும். கலப்புச் செடியில்தான் இணைகள் வேறு வேறு வடிவங்களைக் கொண்டிருப்பதால், அதன் இனச்செல்களில் மெண்டலின் இரண்டாம் ஒழுங்கு முழு வலிமையுடன் வேலை செய்கிறது. பத்து மரபணுக்களில் மட்டும் வேறுபடும் இரு ரகங்களைக் கலந்தாலே இரண்டாம் தலைமுறையில் 59,049 வகை மரபணு அமைப்புகள் தோன்ற இடமுண்டு. தன்மகரந்தச் சேர்க்கை அவற்றை ஆறேழு தலைமுறைகளில் தூயதாக்கி, முடிவில் 1024 தூய வகைகளாகக் குறைத்துத் தரும். அவற்றுள் நல்லதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் பொறுமையும் இனவிருத்தியாளரின் பங்கு. ஒருமுறை தூயதாகிவிட்டால் அதன் விதையை உழவர் தம் களத்திலேயே எடுத்து வைக்கலாம். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வரும் காய் ஒரே மாதிரியாக இருப்பதற்கும் அதுவே அடிப்படை.

முந்திரியின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து மலர்கின்றன. பூவின் மகரந்தத் தாள்கள் பலவற்றுள் பொதுவாக ஒன்றே நீண்டு முழுமையாகச் செயல்படுகிறது. தேனீ, ஈ, எறும்பு போன்றவை மகரந்தத்தை மரம் விட்டு மரம் சுமந்து செல்வதால், கொட்டையொன்றின் தாய் எது என்று தெரிந்தாலும் தந்தை எது என்று தெரிவதில்லை. தலைமுறைதோறும் அயல் மகரந்தத்தால் கருவுற்று வந்த முந்திரி மரத்தில் மிகப் பல மரபணு இணைகள் வேறு வேறு வடிவங்களாகவே நிற்கின்றன. முந்திரியின் குரோமோசோம் எண்ணிக்கையை 42 என்று கொண்டால், 21 இணைகளிலிருந்து ஒரே மரம் குறுக்கேற்றம் இல்லாமலே 20,97,152 வகை இனச்செல்களை உருவாக்க முடியும். அவ்வாறான இரு மரங்கள் சேர்ந்தால் சுமார் 4.4 லட்சம் கோடி வகைக் கருக்களுக்கு இடமுண்டு. சூலுக்குள் குன்றல் பகுப்பில் நான்கு செல்கள் தோன்றினாலும் மூன்று அழிந்து ஒன்று மட்டுமே முட்டைச் செல்லைத் தரும் கருப்பையாக வளர்கிறது. ஆக, நல்ல மரத்தின் சிறப்புக்குக் காரணமான சேர்க்கையில் ஒரு பாதி, அதுவும் தற்செயலாகக் கலைந்த ஒரு பாதி, கொட்டைக்குள் செல்கிறது.

சேலைக்குப் பெயர்பெற்ற நெசவாளரின் பாவு முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் பாதி இழையைக் கண்ணை மூடி எடுத்து, முன்பின் அறியாத இன்னொருவரின் பாதி இழைகளோடு சேர்த்து நெய்தால் அதே சேலை கிடைக்காது. பெரிய மரத்தின் கொட்டையை நட்டு அதே மரத்தை எதிர்பார்த்த முந்திரி உழவரின் நிலையும் அதுவே. ஒரே மரத்தின் கொட்டைகளை நட்ட தோப்பில் ஒன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்த்தது, மற்றொன்று ஏழாம் ஆண்டில் சிறு கொட்டை காய்த்தது. பண்ருட்டியின் முந்திரி வணிகத்தில் இது வெறும் அழகுக் குறை அல்ல. உடைத்த முழுப் பருப்பு எண்ணிக்கையால் தரம் பிரிக்கப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 170 முதல் 180 பருப்பு நிற்பது டபிள்யூ 180, 300 முதல் 320 நிற்பது டபிள்யூ 320. முன்னதற்குக் கிடைக்கும் விலை பின்னதற்குக் கிடைப்பதில்லை என்பதால், கொட்டையின் அளவும் உடைத்தால் கிடைக்கும் பருப்பின் விழுக்காடும் உழவரின் வருமானத்தையே தீர்மானித்தன.

1971 இப்பயிரின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு உருவானது. நறுமணப் பயிர்களுக்கும் முந்திரிக்குமான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டமும் அவ்வாண்டே தொடங்க, விருத்தாசலம் அதன் முதல் முந்திரி மையங்களுள் ஒன்றாயிற்று. அங்கே நடந்த முதல் வேலை கலப்பு அல்ல, தேடல். விதையால் வளர்ந்த தோப்புகளில் தலைமுறைகளாக நடந்துவந்த கலைப்பும் சேர்ப்பும் எங்கேயாவது ஒரு சிறந்த சேர்க்கையைத் தற்செயலாக உருவாக்கியிருக்கும் என்னும் நம்பிக்கையில், அதிகம் காய்க்கும் மரங்கள் ஊர் ஊராக அடையாளம் காணப்பட்டன. தென்னார்க்காட்டின் வழிசோதனைப்பாளையத்திலிருந்து வந்த எம் 10/4 என்னும் தேர்வு 1981இல் வி.ஆர்.ஐ. 1 ஆகவும், காட்டுப்பள்ளி ஊரிலிருந்து வந்த எம் 44/3 1985இல் வி.ஆர்.ஐ. 2 ஆகவும், இடையன்சாவடி மரமொன்றின் விதைக்கன்றுகளில் தேர்ந்த எம் 26/2 1991இல் வி.ஆர்.ஐ. 3 ஆகவும் வெளியிடப்பட்டன. முதல் இரண்டின் கொட்டை சுமார் 5 கிராம் நிறுக்க, மூன்றாவதன் கொட்டை சுமார் 7 கிராம் நிறுக்கும். முந்திரித் தோப்புகளில் வி.ஆர்.ஐ. 3 பரவியதற்கு இந்த எடையே பெருங்காரணம்.

வி.ஆர்.ஐ. 3 என்பது என்ன என்று மரபியல் நோக்கில் கேட்டால் விடை வியப்பூட்டுவது. இடையன்சாவடி மரத்தின் சூலொன்றில் உருவான ஒரு முட்டைச் செல்லும், பூச்சியொன்று எந்த மரத்திலிருந்தோ கொண்டுவந்த ஒரு மகரந்தத்தின் ஆண் செல்லும் ஒருமுறை சேர்ந்ததன் பயனே அந்த மரம். அதே தாய்மரத்தின் அடுத்த கொட்டையில் அந்தச் சேர்க்கை இராது; எம் 26/2 மரத்தின் கொட்டையை நட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. தேர்ந்தெடுத்த நிலையத்தின் பெயர் ரகத்தின் முன்னால் நிற்பது முறையே. ஆனால் அந்த மரம் நின்ற ஊரின் பெயரும், அதை வெட்டாமல் காய்க்க விட்ட குடும்பத்தின் பங்கும் அப்பெயரில் இடம்பெறாமல் போனது ஒரு குறையே.

கிடைத்த சேர்க்கையைக் கலையாமல் பெருக்க இனச்செல்லையே தவிர்க்க வேண்டும். கரும்பில் இது பழைய நடைமுறை: கோயம்புத்தூரில் கலப்பில் பிறந்து 1918இல் வெளிவந்த கோ 205, கரணை நட்டே வட இந்தியா வரை பரவியது, கரணையில் நடப்பது சாதாரண செல் பிரிவு, அதில் குரோமோசோம்கள் முழுமையாக இரட்டித்துப் பங்கிடப்படுவதால் எதுவும் கலைவதில்லை. முந்திரியில் முதலில் விண்பதியன் முயலப்பட்டது. கிளையில் பட்டையை நீக்கி வேர் பிடிக்கச் செய்து வெட்டி நடும் அம்முறையில் மரத்துக்கு ஆணிவேர் அமையாததால், புயல் அடிக்கும் கிழக்குக் கரையில் அது எளிதில் சாய்ந்தது. 1980களில் நிலைபெற்ற இளந்தண்டு ஒட்டு முறையில், விதையிலிருந்து முளைத்த ஒன்றரை இரண்டு மாத வேர்ச்செடியின் நுனியை வெட்டிப் பிளந்து, தேர்ந்த மரத்தின் ஒட்டுக்குச்சியை ஆப்பு வடிவில் சீவிச் செருகிப் பாலித்தீன் நாடாவால் கட்டுகிறார்கள். ஆணிவேரும் உண்டு, தாய்மரத்தின் சேர்க்கையும் மாறுவதில்லை. விருத்தாசலத்தையும் பண்ருட்டியையும் சுற்றி ஒட்டுக்கன்று நாற்றங்கால்கள் ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு மெண்டலின் விதியைத் தவிர்க்க வேண்டிய இந்தத் தேவையே வழிவகுத்தது.

தவிர்ப்பது மட்டும் போதாது என்பதையும் நிலையம் உணர்ந்திருந்தது. ஒட்டு எதையும் மேம்படுத்துவதில்லை, இருப்பதைக் காக்கிறது. வி.ஆர்.ஐ. 1 ஆன எம் 10/4 மரத்தையும் எம் 26/1 மரத்தையும் கலந்து எச் 1 என்னும் கலப்பினம் உருவாக்கப்பட்டபோது, இனச்செல்களின் கலைப்பு மீண்டும் வேண்டுமென்றே அழைக்கப்பட்டது. இருபால் பூவின் செயல்படும் மகரந்தத் தாளை அது வெடிக்கும் முன் காலையில் நீக்கி, மற்ற மரத்தின் மகரந்தத்தை இட்டுக் கட்டிக் காப்பது கடும் உழைப்பு. பிடிக்கும் காய்கள் சிலவே, அவற்றிலிருந்து வளரும் கன்றுகள் காய்க்க ஆண்டுகள் ஆகும். பெற்றோர் இருவருமே கலப்புத் தன்மையுடையவர்கள் என்பதால் முதல் தலைமுறையிலேயே ஒவ்வொரு கன்றும் வேறாகிறது. நிலக்கடலையில் முதல் தலைமுறை ஒரே மாதிரியாகத் தோன்றி இரண்டாவதில்தான் பிரியும். முந்திரியில் பிரிவு உடனே தொடங்கிவிடுகிறது. நல்ல கன்று ஒன்று அமைந்ததும் மறுபடியும் ஒட்டின் உதவி கொண்டு அதை நிலைநிறுத்துகிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, விதையால் வளர்ந்த பழைய முந்திரித் தோப்புகள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. அவற்றின் இடத்தில் ஒட்டுக்கன்றுகள் நடப்பட்டன. வருமானம் இழந்த உழவர் விரைவாகக் காய்க்கும் பெருங்கொட்டை ரகத்தை நாடியது இயல்பு, அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சாய்ந்த ஒவ்வொரு விதைமரமும் வேறெங்கும் இல்லாத ஓர் அல்லீல் சேர்க்கை; அவற்றுள் நோயைத் தாங்கியவையும் வறட்சியில் பூத்தவையும் இருந்திருக்கும். வழிசோதனைப்பாளையத்திலும் இடையன்சாவடியிலும் தேடிச் சென்றவர்களுக்குக் கிடைத்த வளம் அத்தகைய தோப்புகளே என்பதால், எஞ்சியுள்ள பழைய மரங்களை ஆராய்ச்சி நிலையத்தின் மரபுவளத் தோட்டத்தில் ஒட்டாக்கிச் சேர்ப்பது இந்த வட்டாரத்துக்கு இன்று அவசரமான கடமை.

ஒரே ரக ஒட்டுத்தோப்பிலும் முழு ஒற்றுமை இருப்பதில்லை. நடப்படும் ஒவ்வொரு ஒட்டின் கீழ்ப்பாதியும் விதையிலிருந்து வந்த வேர்ச்செடி. அதன் ஆணிவேரை அமைத்த மரபணுக்கள் இரு இனச்செல்களில் புதிதாகக் கலைந்து சேர்ந்தவை. மேலே கிளைகளில் விளையும் கொட்டையிலும் ஓடு தாய்மரத்தின் திசுவால் ஆனது, அதனுள்ளிருக்கும் பருப்போ அயல் மகரந்தம் கலந்த அடுத்த தலைமுறையின் வித்திலைகள். ஆகவே வி.ஆர்.ஐ. 3 தோப்பிலிருந்து பண்ருட்டி உடைப்புக் கூடங்களுக்கு வரும் மூட்டையில் ஓடுகள் யாவும் ஒரே மரபமைப்பைக் கொண்டிருக்க, பருப்புகள் ஒவ்வொன்றும் வேறு மரபமைப்பைக் கொண்டவை. அக்கொட்டைகளில் சில நாற்றங்கால்களுக்குச் சென்று அடுத்த ஆண்டு வேர்ச்செடிகளாக முளைக்கின்றன.